படிவத்தில் எடிட்டரை வைக்கும் முன் டேபிளைத் திறந்து பாருங்கள்

போன வாரம் ஒரு கல்லூரியிலிருந்து போன். மாணவர்கள் குறை பதியும் படிவத்தில் போல்டு, கலர் எல்லாம் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் தம்பியும் பழைய டெக்ஸ்ட் பாக்ஸை எடுத்துவிட்டு வேர்டு போல எழுத்தை அலங்கரிக்க விடும் டைனிஎம்சிஇ எடிட்டரை வைத்துக் கொடுத்துவிட்டார். பத்து நிமிட வேலை. ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட் எடுத்தால் பாதி மனுக்களுக்கு வாலே இல்லை, மிச்சமிருப்பதில் தமிழுக்கு நடுவே எச்டிஎம்எல் டேக் (போல்டு, கலர் எல்லாம் எங்கே என்று சொல்லும் வலைப்பக்கக் குறியீடு). இந்த வருடம் என்னிடம் வந்ததில் இது மூன்றாவது.

மனுக்கள் சேரும் டேட்டாபேஸ் டேபிளைத் திறந்தேன். முதல் வரிசையில் அந்தப் பையன் எழுத வந்தது ‘விடுதியில் தண்ணீர் வரவில்லை’ என்று தொடங்கும் ஒரு சின்ன மனு. வேர்டில் தட்டி, காப்பி எடுத்து ஒட்டியிருக்கிறான். எம்எஸ்ஓநார்மல் என்ற கிளாஸ், லதா ஃபான்ட், பாயின்ட் அளவு, வரி இடைவெளி என்று வேர்டின் மூட்டை முடிச்செல்லாம் கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறது. மனு சேரும் காலமோ (column) வார்கேர் 500, அதாவது 500 எழுத்துக்குறிகள்தான் கொள்ளும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 5.7 பதிப்பு முதல் ஸ்ட்ரிக்ட் மோட் தானாகவே இருக்கும், அளவு மீறினால் பிழை காட்டும். இங்கே பிழை வருகிறதே என்று யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். அதனால் அளவுக்கு மேல் வந்ததைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது.

சரி, காலத்தை டெக்ஸ்ட் என்ற பெரிய வகையாக ஆக்கினால் போதுமா? அதற்கு 65,535 பைட். எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ‘கி’ என்பதே இரண்டு குறி. போனில் எடுத்த ஒரு படத்தை யாராவது பேஸ்64-ஆக (படத்தையே எழுத்தாக மாற்றி) உள்ளேயே ஒட்டினால் அதுவும் தீர்ந்தது. படத்தைத் தனிக் கோப்பாக வையுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். என்னைத் தூங்கவிடாதது அந்தத் தம்பி சொன்ன ஒரு வார்த்தை: “ஸ்கிரிப்ட் எதுவும் வராதுண்ணா, எடிட்டரே எடுத்துடும்.” ஸ்கிரிப்ட் என்றால் பக்கத்தைத் திறந்ததும் பிரவுசரில் தானாக ஓடும் நிரல். எல்லோரும் இதையே சொல்கிறார்கள். எடிட்டர் எங்கே ஓடுகிறது? எழுதுபவரின் பிரவுசரில். உங்கள் சர்வருக்கு வந்து சேர்வது ஒரு போஸ்ட் கோரிக்கை (படிவத்தில் நிரப்பியதைச் சுமந்து வரும் செய்தி) மட்டும்தான். அதை எடிட்டரே இல்லாமல் போஸ்ட்மேன் போன்ற கோரிக்கை அனுப்பும் கருவியிலிருந்து யாரும் அனுப்பலாம், பட டேக்குக்குள் ‘ஆன்எரர்’ (படம் வராவிட்டால் ஓடும் ஸ்கிரிப்ட்) போட்டு அனுப்பலாம், அது அப்படியே டேபிளில் போய்ப் படுத்திருக்கும். நாளைக்கு நிர்வாகி தன் லாகினில் அந்த மனுவைத் திறந்து பார்க்கும்போது அவருடைய அதிகாரத்தோடு ஓடும். எடிட்டர் செய்கிற சுத்தம் ஒழுங்காக எழுதுகிறவர்களுக்கு மட்டும்; கெடுக்க வருகிறவன் அந்தப் பக்கமே வரமாட்டான்.

அதனால் சர்வரில் சுத்தம் செய்யுங்கள். ‘ஸ்கிரிப்ட்’ என்ற சொல்லைத் தேடி நீக்கும் ரீப்ளேஸ் வரியை நீங்களே எழுதாதீர்கள், தயவுசெய்து. 2005-ல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லை வடிகட்டித்தான் வந்தது. ஸேமி காம்கர் என்ற இளைஞர் அந்தச் சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரியில் போட்டார், அவருடைய ஸ்கிரிப்ட் ஒரே நாளுக்குள் 10 லட்சம் பக்கங்களுக்கு மேல் பரவியது. இதற்கென்றே இருக்கும் லைப்ரரியை எடுங்கள்: சர்வர் மொழி பிஎச்பி என்றால் எச்டிஎம்எல் பியூரிஃபையர், ஜாவா என்றால் ஓவாஸ்ப் என்ற பாதுகாப்பு அமைப்பு தரும் சானிடைசர். பத்தி, போல்டு, பட்டியல் என்று எந்த டேக்குகளை விடலாமோ அவற்றை மட்டும் விடுங்கள், மற்றதெல்லாம் போகட்டும்.

அப்புறம் தேடல். ‘தண்’ மட்டும் போல்டு ஆகியிருந்தால் ‘தண்ணீர்’ என்று லைக் (டேட்டாபேஸின் தேடல் கட்டளை) போட்டுத் தேடினால் கிடைக்காது, நடுவில் டேக் நிற்கும். டேக் நீக்கிய வெறும் எழுத்தை இன்னொரு காலத்தில் வைத்து அதில் தேடுங்கள், ரிப்போர்ட்டும் எக்செலும் அதிலிருந்தே போகட்டும். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ்காரர்களுக்கும் இதே கதைதான்: 2007-லிருந்து வரும் ரிச் டெக்ஸ்டுக்கு அடியிலும் இருப்பது எச்டிஎம்எல், டேக்கை நீக்கத்தான் பிளெயின்டெக்ஸ்ட் ஃபங்ஷன் இருக்கிறது. கட்டாயப் புலம் என்றால் இன்னும் கவனம். குவில் எடிட்டரில் ஒன்றுமே எழுதாமல் அனுப்பினாலும் ஒரு காலிப் பத்தி டேக் வந்து நிற்கும், உங்கள் சோதனை அதை ‘எழுதியாயிற்று’ என்று எடுத்துக்கொள்ளும். சிகேஎடிட்டர் 4-ஐப் புதிதாக எங்கும் போடாதீர்கள், அதன் இலவச ஆதரவு 2023 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

முதலில், போல்டு நிஜமாகவே தேவையா என்று கேளுங்கள். கைபேசி எண், முகவரி, ஒரு வரிக் குறிப்புக்கெல்லாம் எடிட்டர் எதற்கு? வேண்டும் என்றால் மாற்றும் முன் பேக்கப் எடுங்கள், வேர்டிலிருந்து ஒரு முழுப் பக்கத்தை ஒட்டிச் சேமித்து, திரையை அல்ல, டேபிளைப் பாருங்கள்.

அந்தக் கல்லூரியில் வெட்டுப்பட்ட மனுக்களை மீட்க வழியே இல்லை, மிச்சப் பகுதி டேபிளுக்குள் வரவே இல்லை. எழுதிய மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.