'மக்கும் பை' என்று அச்சிட்டால் போதுமா? நான்-ஓவன் பைகளுக்கான விதி

கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் பை தொட்டால் துணி மாதிரிதான் இருக்கும். துணி இல்லை. அதுதான் நான்-ஓவன், அதாவது நெய்யாத பை. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, நுண்துளைத் தட்டு வழியாக இழையாக இழுத்து, பரப்பி, சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் கிடைப்பது அது. தறி கிடையாது, பாவும் ஊடும் கிடையாது. அதனால்தான் சட்டம் அதைப் பிளாஸ்டிக் பையாகவே பார்க்கிறது. மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின் 2021 திருத்தப்படி, சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைவான நான்-ஓவன் பை கூடாது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 முதல் இது நடைமுறை. தமிழ்நாடு இன்னும் கறார். 2019 ஜனவரி 1இல் வந்த பிளாஸ்டிக் தடைப் பட்டியலிலேயே நான்-ஓவன் பையும் இருந்தது.

சரி, மக்கும் இழையில் செய்தால்? செய்யலாம். சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பெறும் பிஎல்ஏ என்ற பாலிமரையும் உருக்கி இழையாக்க முடியும். தனியாக விட்டால் முறுக்கு மாதிரி உடையும் என்பதால், நெகிழ்வுக்குப் பிபிஏடி என்ற இன்னொரு பாலிமரைக் கலப்பார்கள். பிபிஏடி பொதுவாகப் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனாலும் மக்கும். எதிலிருந்து வந்தது என்பது வேறு, மக்குமா என்பது வேறு. விற்கிறவர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

உரமாகும் பிளாஸ்டிக் என்று சொல்ல வேண்டுமானால் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தர அளவுகோலில் தேற வேண்டும். சுமார் 58 டிகிரி சூட்டில், 180 நாளுக்குள், பொருளில் உள்ள கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. கன உலோகங்களுக்கு வரம்பு உண்டு. அந்த உரத்தில் விதை முளைக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கலவை இழை செய்பவர் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று: ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு கரிமப் பொருளும் மக்கும் என்று நிரூபிக்க வேண்டும். பாலிப்ரொப்பிலீனில் கொஞ்சம் மாவுச்சத்தைக் கலந்துவிட்டு 'மக்கும்' என்று விற்பது இங்கேதான் அடிபடும். மாவு போய்விடும், பிளாஸ்டிக் தூளாக மண்ணில் கிடக்கும்.

'பயோடிகிரேடபிள்' (உயிரிவழி சிதைவது) என்பது விதியில் உரமாகும் பிளாஸ்டிக்கிலிருந்து தனி வகை. மண், நன்னீர், கடல் என எந்தச் சூழலில் மக்கும் என்கிறார்களோ அங்கே நுண்பிளாஸ்டிக் மிச்சமில்லாமல் மக்க வேண்டும் என்று 2024 திருத்தம் சொல்கிறது.

உரமாகும் பையைத் தயாரிப்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்ற பிறகே சந்தைக்கு வர வேண்டும். ஆகவே மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் முன் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். பச்சை இலைப் படம் சான்றிதழ் ஆகாது. அப்புறம், தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழைய சோதனையும் இங்கே உதவாது. பருத்தி எரிந்து சாம்பலாகும், ஆனால் பிஎல்ஏவும் பாலிப்ரொப்பிலீனும் இரண்டுமே உருகத்தான் செய்யும்.

சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக அந்தப் பையைக் கொல்லையில் வாழைக்கு அடியில் புதைத்துவிடாதீர்கள். 58 டிகிரி என்பது பெரிய உரக்கூடத்தின் சூடு. வீட்டுக் குழி அவ்வளவு சுடாது. அடுத்த பொங்கலுக்குத் தோண்டினாலும் பை அப்படியே கையில் வரலாம்.