குடை விரிந்த பிறகு

கோலாலம்பூரின் கேஎல் டவரிலிருந்து ஆட்கள் பாராசூட்டோடு குதிப்பதைப் பார்க்கப் போயிருந்தோம், நானும் என் அக்கா மகளும். 421 மீட்டர் கோபுரம். குதிக்கிறவர்கள் நிற்கும் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர். ஒருவர் விளிம்பைவிட்டு விழுவார், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், சில விநாடிகளில் துணி படாரென்று விரியும், எல்லாரும் கைதட்டுவார்கள். உடனே தலைகள் குனிந்துவிடும். வீடியோ சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே.

“ஏன் மாமா எல்லாரும் இப்பப் போய் போனைப் பாக்குறாங்க? இனிமேதான வேலையே இருக்கு” என்றாள்.

அவள் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆஸ்திரேலியாவில் படிக்கும்போது வான்குதிப்பு பழகி, எண்பது தடவைக்கு மேல் விமானத்திலிருந்து குதித்தவள். எனக்கோ பத்துமலையின் 272 படிகள்தான் உயரத்தின் எல்லை. ஆனால் இருபது வருடமாக இயற்பியல் டியூஷன் எடுக்கிறவன். அன்றிரவு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் கணக்காக மாற்றிப் பார்த்தேன். தே தாரிக் ஆறிப்போனது.

விமானத்திலிருந்து குதிக்கிறவர் சுமார் 4000 மீட்டரில் வெளியேறி, ஒரு நிமிடம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறார். நமக்கு அதுதான் பயங்கரமாகத் தெரிகிறது. அந்தப் பயத்துக்குக் கருவிகள் ஓரளவு பதில் சொல்லிவிட்டன. 1991-ல் ஜெர்மனியில் வெளிவந்த சைப்ரஸ் போன்ற தானியங்கிக் கருவிகள், ஆள் மயங்கிப்போய் எதையும் இழுக்காவிட்டாலும், குறிப்பிட்ட உயரத்தில் மாற்றுப் பாராசூட்டைத் திறந்துவிடும். ஆனால் ஒழுங்காக விரிந்த, எந்தப் பழுதும் இல்லாத பாராசூட்டின் கீழே பறந்துகொண்டிருக்கும்போதே அடிபடுகிறவர்கள், செத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கடைசி 100 மீட்டருக்குள்.

காரணம் புரிய வேண்டுமென்றால், குடை என்ற சொல்லைக் கொஞ்சம் மறக்க வேண்டும். இன்றைய பாராசூட் குடை அல்ல, இறக்கை. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பட்டமும் பலூனும் செய்துகொண்டிருந்த டொமினா ஜால்பெர்ட் என்பவர் 1964-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1966-ல் பெற்ற யோசனை அது. நம்மூர் வாவ் பட்டத்துக்கு மூங்கில் சட்டம் உண்டு. ஜால்பெர்ட்டின் பட்டத்துக்குச் சட்டமே கிடையாது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே வரிசையாக அறைகள். முன்பக்கம் திறந்திருக்கும். பறக்கும்போது உள்ளே புகும் காற்றே அதை விறைப்பான இறக்கையாக்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் அதற்கு உருவம்.

ஆகவே அது செங்குத்தாக மிதந்து இறங்காது. ஒரு மீட்டர் இறங்கினால் இரண்டு, மூன்று மீட்டர் முன்னே போகும். பழகுகிறவரின் பெரிய பாராசூட் ஒன்று மணிக்கு 35 கிலோமீட்டர் முன்னேறிக்கொண்டு, விநாடிக்கு 5 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 5 மீட்டர் என்றால் சாப்பாட்டு மேசையைவிட அரை மீட்டர் உயரமான இடத்திலிருந்து குதிப்பது மாதிரி, 1.3 மீட்டர். கால் தாங்கும். அதையும் குறைக்கத்தான் கடைசி நேரத்தில் இரண்டு கைப்பிடிகளையும் ஒன்றாகக் கீழே இழுப்பது. டாகிள் என்பார்கள். இழுத்ததும் இறக்கையின் பின்விளிம்பு மடங்கி, துணி சட்டென்று வேகம் குறையும். கீழே தொங்கும் ஆள் கனம், அவர் அதே வேகத்தில் முன்னால் ஊஞ்சலாடுவார். இறக்கையின் மூக்கு நிமிரும், தூக்குவிசை கூடும், இறக்கம் ஏறக்குறைய நின்று கால் புல்லைத் தடவும்.

இங்கே ஒரு விஷயம். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி வேகம் என்றால் கால் பங்கு விசைதான். பயந்துபோய் முன்கூட்டியே டாகிளை இழுத்து மெதுவாக வருகிறவரிடம், கடைசியில் இழுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. ‘வேகம்னா ஆபத்துனு நெனச்சுத்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறோம்’ என்றாள். வேகம் கையிலுள்ள சேமிப்பு. எப்போது செலவழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, அவளுடைய பிரச்சினைக்கு வருவோம். அவள் எடையும் பையின் எடையும் சேர்ந்து 152 பவுண்டு. இப்போது வாடகைக்கு எடுத்துக் குதிப்பது 170 சதுர அடி பாராசூட். பவுண்டைச் சதுர அடியால் வகுத்தால் கிடைப்பது இறக்கைச் சுமை: 0.9. யாரோ ஒருவர் 120 சதுர அடி பாராசூட்டை நல்ல விலைக்குத் தருகிறாராம், வாங்கலாமா என்று யோசிக்கிறாள். அதில் சுமை 1.27. வேகம் சுமையின் வர்க்கமூலத்தோடு கூடுவதால், கணக்குப்படி 19 சதவிகிதம் வேகம் அதிகம். ‘அவ்வளவுதானே’ என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் சின்ன பாராசூட்டின் கயிறுகளும் குட்டை. குட்டைக் கயிற்று ஊஞ்சல் எப்படி வேகமாக ஆடுமோ, அப்படி அது கை அசைவுக்கு உடனே, கூர்மையாகப் பதில் சொல்லும். அதே அளவு இழுப்புக்கு முன்பைவிட அதிகச் சாய்வு. ஆபத்து அந்தச் சாய்வில்தான்.

திரும்ப வேண்டுமென்றால் இறக்கை சாய வேண்டும். சாய்ந்தால் தூக்குவிசையில் ஒரு பங்கு நம்மைப் பக்கவாட்டில் வளைக்கச் செலவாகிவிடும், எடையைத் தாங்க மிச்சம் குறைவு. 60 பாகை சாய்வில் சரிபாதிதான் எடையைத் தாங்கும். ஈடுகட்ட மொத்த விசை இரட்டிப்பாக வேண்டும்; அதற்கு இறக்கை வேகத்தைக் கூட்டிக்கொள்ளும், 1.4 மடங்கு. இறங்கும் வேகமோ ஏறக்குறைய 2.8 மடங்காகிவிடும். அதாவது விநாடிக்கு 5 மீட்டர் இறங்கிக்கொண்டிருந்தவர் இப்போது 14 மீட்டர் இறங்குகிறார். முன்பு மேசையிலிருந்து குதித்தவர், இப்போது 10 மீட்டர் உயரத்திலிருந்து. மூன்றாவது மாடி. தலைக்கு மேலே பாராசூட் அழகாக விரிந்து நிற்கிறது, ஒரு கயிறும் சிக்கவில்லை.

இதோடு முடியவில்லை. டாகிளை விட்டுவிட்டால் உடனே நிமிர்ந்துவிடாது. திருப்பத்தில் வெளிப்பக்கம் வீசப்பட்ட உடல் மீண்டும் இறக்கைக்குக் கீழே வந்து சேரவேண்டும். இறக்கை பாய்ந்த வேகம் தூக்குவிசையாக மாறி வளைந்து நிமிரவேண்டும். அந்த வளைவுக்கென்று ஓர் உயரம் தேவை. பெரிய பாராசூட்டுக்குக் குறைவாக, சின்ன, வேகமான பாராசூட்டுக்கு நிறைய. அந்த உயரம் இல்லாவிட்டால் வளைவு மண்ணுக்குள் முடியும்.

யார் இப்படித் தாழ்வாகத் திரும்புவார்கள்? துடுக்குக்காரர்கள் மட்டும் என்று நினைத்தால் தவறு. முதல் நாளிலிருந்து ‘காற்றை எதிர்த்து இறங்கு’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். 300 மீட்டரில் காற்றோடு, 200-ல் குறுக்கே, 100-ல் காற்றை எதிர்த்து என்று சதுரமாக வந்து இறங்குவது பாடம். ஒருநாள் கணக்குத் தப்பி, 30 மீட்டரில் காற்று முதுகில் அடிக்கிறது, அல்லது எதிரே ஒரு வேலி. கை தானாக ஒரு டாகிளை இழுத்துவிடுகிறது. காற்றோடு இறங்கினால் என்ன ஆகும்? காற்று 15 கிலோமீட்டர் என்றால் தரையில் 50 கிலோமீட்டர் வேகம். டாகிளை இழுத்து, காலைச் சேர்த்து, உருண்டு விழுந்தால் முட்டி சிராயும், ஜீன்ஸ் கிழியும். வேகம் பக்கவாட்டில் இருந்தால் உருண்டு தேய்க்கலாம். செங்குத்து வேகத்தைத் தேய்க்க இடமில்லை.

திரும்பியே ஆகவேண்டுமென்றாலும் வழி உண்டு. இரண்டு டாகிளையும் பாதி இழுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு ஒரு பக்கத்தை மட்டும் கொஞ்சம் மேலே விடுவது. இறக்கை அதிகம் சாயாமல் தட்டையாகத் திரும்பும். நம் கை இயல்பாகச் செய்வதற்கு நேர்மாறான அசைவு என்பதால், மேலே 1000 மீட்டரில் இருக்கும்போதே மீண்டும் மீண்டும் பழகவேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டே வேண்டுமென்று தாழ்வாகத் திரும்புகிறவர்களும் உண்டு. ஸ்வூப் என்பார்கள். கோழிக்குஞ்சைத் தூக்க வரும் பருந்தைப் பார்த்திருந்தால் விளக்கம் தேவையில்லை. இருநூறு மீட்டர் உயரத்தில், தோளுக்கு மேலுள்ள முன்பட்டைகளை இழுத்து முக்கால் வட்டமோ அதற்கு மேலோ சுழன்று பாய்கிறார்கள். வளைவின் அடியில் இறக்கை நிமிரும்போது தரை ஓர் ஆள் உயரத்தில். அப்புறம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் புல்லையோ குளத்து நீரையோ உரசிக்கொண்டு போவார்கள். பின்பட்டைகளை, பிறகு டாகிளை, மெல்ல மெல்ல இழுத்து வேகத்தைத் தூரமாக மாற்றுவார்கள். 2006-ல் வியன்னாவில் இதற்கு முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது. தூரம், வேகம், குறியில் இறங்குவது என்று மூன்று பிரிவு. ஒன்றரை மீட்டர் உயர வாசல் கம்பங்களுக்கு இடையில் தாழப் புகுந்தால்தான் கணக்கில் சேரும். கீழே குளம் வெட்டி வைப்பது பிழையைக் கொஞ்சம் மன்னிக்கத்தான். ஆனால் அந்த வேகத்தில் தண்ணீரும் மெத்தை அல்ல.

மணிக்கு 108 கிலோமீட்டர் என்று வைத்தால், அந்த உடலிலிருக்கும் இயக்க ஆற்றல் 46 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பதினைந்து மாடி ஃபிளாட். பாய்ச்சலில் இறங்கும் வேகம் விநாடிக்கு 25 மீட்டர் என்றால், 0.4 விநாடி தாமதம் 10 மீட்டர். ஒருமுறை நிதானமாகக் கண்ணிமைக்கும் நேரம். இப்படிப் பாய்கிறவர்களை சைப்ரஸ் தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடும். சாதாரண மாதிரி விநாடிக்கு 35 மீட்டரைத் தாண்டினால் ‘ஆள் விழுந்துகொண்டிருக்கிறார்’ என்று முடிவுகட்டி மாற்றுப் பாராசூட்டைத் திறந்துவிடும். அதனால் இவர்களுக்கென்றே வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். கருவியே விழுகிறார் என்று நினைக்கும் வேகத்தில் வேண்டுமென்று பறப்பது, என்னைக் கேட்டால், கொஞ்சம் அதிகம்தான்.

அதற்காகவே இதைக் கற்பிக்கும் முறையில் அவசரமே இல்லை. முதலில் திருப்பமே கிடையாது. முன்பட்டைகளை நேராக இழுத்துப் பாய்ந்து, விட்டதும் எவ்வளவு உயரத்தில் நிமிர்கிறது என்று மேலேயே அளப்பது. அப்புறம் 90 பாகை. அதே 90 பாகை நூற்றுக்கணக்கான தடவை, யாராவது கீழே நின்று வீடியோ எடுக்க. பாராசூட்டைச் சிறிதாக்குகிற மாதம் வேறு எதையும் மாற்றுவதில்லை. பயிற்சியாளர்கள் பாய்ச்சலுக்குச் சமமாக இன்னொன்றையும் பழக்குகிறார்கள்: பாதியில் விட்டுவிடுவது. உயரம் குறைவு என்று தோன்றிய நொடியில் பட்டையை விட்டு, இரண்டு டாகிளையும் இழுத்து, சாதாரணமாக இறங்கிவிடுவது. தாமதமாக இழுத்துத் தப்பித்தவர்கள் அதையே திறமை என்று எண்ணிக்கொள்வதுதான் அடுத்த விபத்துக்கு ஆரம்பம்.

நம்மூர்க் காற்று வேறு தன் பங்குக்கு. குளிர்நாட்டில் 15 பாகையில் பழகியவர் கோலாலம்பூரின் 33 பாகைப் புழுக்கத்துக்கு வந்தால், காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 7 சதவிகிதம் குறைவு. ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசு என்பதும் அதில் சேரும். அதே பாராசூட் 3, 4 சதவிகிதம் வேகமாகப் பறக்கும், திருப்பத்தில் இன்னும் கொஞ்சம் உயரத்தைத் தின்னும். பழகிய கண்ணும் கையும் அங்கேயே நின்றுவிட்டிருக்கும்.

அதைவிட மோசம் கண்ணுக்குத் தெரியாத கொந்தளிப்பு. மரமோ கட்டடமோ காற்றை மறித்தால், அதன் மறுபக்கம் காற்று சுழலும்; உயரத்தைப் போல பத்து, பதினைந்து மடங்கு தூரம்வரைகூட. 15 மீட்டர் செம்பனை வரிசைக்குப் பின்னால் 200 மீட்டர் தள்ளியும் அந்தக் குழப்பம் இருக்கலாம். காற்றால்தான் உருவம் பெறும் இறக்கை அது, சுழலில் மாட்டினால் ஓர் ஓரம் மடங்கிப்போகலாம். பினாங்கில் காலை வெயில் ஏறியதும் கடற்காற்று திசையை மாற்றிவிடும். கோலாலம்பூரில் மாலை இடிமழை வருவதற்கு முன்னாலேயே அதன் குளிர்ந்த காற்று தரையில் பாய்ந்துவிடும். மேற்குக் கரைக்காரர்களுக்கு விடியற்காலைச் சுமத்ராப் புயற்காற்றும் தெரிந்ததுதான். துணி காயப்போடுகிற அம்மாக்கள் கவனிப்பதைப் போல வானத்தைக் கவனிக்க வேண்டும்.

கோபுரத்துக்காரர்களின் பாராசூட்டைக் கவனித்தால் இதெல்லாம் தலைகீழாக இருப்பது தெரியும். ஏழே அறை, ஆளுக்குப் பெரிய அளவு. டாகிளை ஆழமாக இழுத்துப் பிடித்து, கட்டடங்களுக்கு நடுவே செங்குத்தாக, கிழவர் படியிறங்குவது போல் வருவார்கள். நெருக்கடியான நகரத்தில் சின்ன இடத்தில் இறங்க அந்த மந்தம்தான் வேண்டும். ஸ்வூப் அடிக்கிறவர் அதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அவருடைய பாராசூட்டோடு அந்தத் தளத்திலிருந்து யாரும் குதிக்கமாட்டார்கள்.

நான் 2.8 மடங்குக் கணக்கைக் கடையின் ரசீதுக்குப் பின்னால் எழுதிக் காட்டியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அதே 170 சதுர அடி. 1000 மீட்டர் உயரத்தில் இரண்டு திருப்பம், இரண்டும் 90 பாகை. ஒன்று ஒரு டாகிளை முழுதாக இழுத்து, மற்றது தட்டையாக. இரண்டு முறையும் மணிக்கட்டிலுள்ள உயரமானியைக் கேமராவுக்குக் காட்டுகிறாள். தட்டையாகத் திரும்பியதில் இழந்த உயரம் மற்றதில் பாதிகூட இல்லை.

வீடியோவுக்குக் கீழே ஒரு வரி: ‘அம்மாகிட்ட காட்டாதீங்க மாமா.’