பூட் மெனு: ஒரு பெயர், இரண்டு பட்டிகள்

"லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன், பூட் மெனுவே வரமாட்டேங்குது" என்று நண்பர் ஒருவர் போனில் அழைத்தார். கணினியைப் போட்டவுடன் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள் என்று அரை மணி நேரம் அவரைப் பாடாய்ப் படுத்தினேன். கடைசியில்தான் புரிந்தது. லினக்ஸா, விண்டோஸா என்று கேட்கும் பட்டியை அவர் தேடிக்கொண்டிருந்தார். பென் டிரைவா, வன்தட்டா என்று கேட்கும் பட்டியை நான் வரவழைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் ஊரில் ஒரே பெயர்.

பூட் என்பது பூட்ஸ்ட்ராப் என்பதன் சுருக்கம். காலணியின் பின்பக்கம், இழுத்து மாட்டுவதற்காகத் தைத்திருக்கும் வார்தான் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்து ஒருவர் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்வது என்பது 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நடக்காத காரியத்துக்குச் சொன்ன உவமை. 1950களில் கணினிக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். காரணம் இருக்கிறது. நினைவகத்தில் ஒரு நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். அப்போதுதான் உயிர்பெற்ற கணினியின் நினைவகத்திலோ எதுவும் இல்லை. அப்படியானால் முதல் நிரலை ஏற்றுவது யார்? மிகச் சிறிய நிரல் ஒன்றை எப்படியாவது உள்ளே நுழைத்து, அது தன்னைவிடப் பெரியதை அழைக்க, அது இன்னும் பெரியதை அழைக்க, கடைசியில் முழு இயங்குதளமும் வந்து சேரும். கணினியை எழுப்பும் பழைய முறையான பயாஸில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள், அதிலும் 446 பைட்டுகளில், அந்தச் சிறு நிரல் அடங்க வேண்டியிருந்தது. இந்தப் பத்தியைச் சேமிக்கக்கூட அந்த இடம் போதாது!

தமிழில் எழுதும்போது பூட் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. காதுக்கு அது பூட்டு என்றே கேட்கிறது. திறந்துகொள்ளும் வேலைக்கு மூடிவைக்கும் பொருளின் சாயல். ஆனால் வண்டி பூட்டுகிறோம், ஏர் பூட்டுகிறோம் என்றும் சொல்கிறோம் இல்லையா? அங்கே பூட்டுவதுதான் வேலையின் ஆரம்பம். அந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் கலைச்சொல்லாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன், குழப்பம்தான் மிஞ்சும்.

துவக்கம், தொடக்கம் என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் ஒரு செயலியைத் திறப்பதும் தொடக்கம்தானே? இங்கே நடப்பது நினைவகத்தில் ஏற்றும் வேலை. அதனால் 'தொடக்க ஏற்றம்' என்பது என் தேர்வு. இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடர் அப்போது 'தொடக்க ஏற்றி' ஆகிவிடும். மெனுவுக்குப் பட்டி இருக்கவே இருக்கிறது.

பூட் மெனுவை மட்டும் அப்படியே பெயர்க்கக் கூடாது, இரண்டாகப் பிரிக்க வேண்டும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று தயாரிப்பாளருக்குத் தகுந்த விசையை அழுத்தினால் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் நிரலான நிலைபொருள் காட்டுவது 'கருவித் தேர்வுப் பட்டி'. அப்புறம் லினக்ஸோடு வரும் க்ரப் போன்ற தொடக்க ஏற்றி காட்டுவது 'தளத் தேர்வுப் பட்டி'. எந்தப் பட்டி என்று தெரிந்தால் பழுது எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

முதல் பட்டியில் பென் டிரைவ் தெரியவில்லையா? லினக்ஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை அதில் வெறுமனே நகலெடுத்தீர்களா, அதற்கான கருவியைக் கொண்டு எழுதினீர்களா என்று பாருங்கள். நம்பகமற்ற நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட், தொடக்கத்தை வேகப்படுத்தும் ஃபாஸ்ட் பூட் ஆகிய அமைப்புகளும் வழி மறிக்கலாம். சில கணினிகளில் ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளாகத் தெரியும், ஒன்றின் முன்னால் மட்டும் யூஇஎஃப்ஐ (பயாஸுக்கு அடுத்து வந்த புதிய முறை) என்று இருக்கும். ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால் அந்த வரியையே தேர்ந்தெடுங்கள். மாற்றி நிறுவினால் இரண்டு தளங்களும் ஒரே பட்டியில் சேராது.

இரண்டாம் பட்டி காணாமல் போவதற்கு, லினக்ஸுக்குப் பிறகு விண்டோஸை நிறுவுவது ஒரு காரணம். விண்டோஸ் தன்னை வரிசையில் முதலில் வைத்துக்கொள்ளும். க்ரப் பெரும்பாலும் அழிந்திருக்காது. நிலைபொருள் அமைப்பில் வரிசையை மாற்றினாலே திரும்பிவிடும். அவசரப்பட்டு மறுபடி நிறுவ வேண்டாம்.

நண்பருக்கு நடந்தது வேறு. 2021இல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற தளங்களைத் தேடிப் பட்டியலிடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. வேறு தளம் இல்லை என்று நினைத்தால் சில லினக்ஸ் வகைகள் பட்டியையே காட்டாமல் நேரே உள்ளே போய்விடும். க்ரப் அமைப்புக் கோப்பில் அந்தத் தடையை எடுத்து, க்ரப்பைப் புதுப்பிக்கச் சொன்னேன். "சரி, ரீஸ்டார்ட் பண்றேன்" என்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்: "விண்டோஸ் பூட் மேனேஜர்."