பேஸ் ஏன் வந்து வந்து மறைகிறது? மெலடிக் டெக்னோவில் அனலாக் சிந்தும் மென்பொருள் சிந்தும் சேரும் இடம்

மெலடிக் டெக்னோ டிராக் மிக்ஸிங்குக்கு வரும்போது அடிக்கடி கேட்கும் புகார் இது: ஒரு நோட்டில் பேஸ் (தாழ்ந்த ஸ்தாயி ஒலி) நெஞ்சில் இடிக்கிறது, அடுத்த நோட்டில் ஆளையே காணோம். உடனே ஈக்யூவைத் திருகுவார்கள், கம்ப்ரெசரை அடுக்குவார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. ஒரே பேஸ் வரியை மென்பொருள் சிந்த் (கணினிக்குள் ஓடும் சிந்தசைசர்) ஒன்றும் அனலாக் சிந்த் (மின்சுற்றால் ஒலி எழுப்பும் கருவி) ஒன்றும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கும்.

ஜி1 நோட்டின் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ். ஒரு அலை முடிய சுமார் 20 மில்லி விநாடி ஆகும். அனலாக் சிந்தின் ஒலி 10 மில்லி விநாடி தாமதமாக வந்தாலே அரை அலை பின்தங்கிவிடும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். தாமதத்தை மட்டும் சரிசெய்தால் போதாது. பல அனலாக் ஆசிலேட்டர்கள் (அலையை உருவாக்கும் பகுதிகள்) கீயை அழுத்தும் நேரத்தில் புதிதாகத் தொடங்குவதில்லை, எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவை. அதனால் ஒவ்வொரு நோட்டும் அலையின் வெவ்வேறு இடத்தில் பிடிபடுகிறது. ஒரு நோட்டில் கூடும், இன்னொன்றில் கழியும். ஸ்ருதியும் 0.3 ஹெர்ட்ஸ் விலகியிருந்தால் 3 விநாடிக்கு ஒருமுறை பேஸ் வீங்கி வற்றுவது நன்றாகவே கேட்கும்.

தீர்வு எளிது, ஆனால் மனம் வராது: அடித்தளத்தை ஒரே சிந்துக்குக் கொடுங்கள். சப் பேஸை (பேஸின் மிகத் தாழ்ந்த பகுதியை) மென்பொருள் சிந்த் பார்த்துக்கொள்ளட்டும், ஆசிலேட்டர் ஒவ்வொரு நோட்டிலும் முதலிலிருந்து தொடங்கும்படி வைத்து. அனலாக் அடுக்கை 120 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் செய்துவிடுங்கள், அதாவது அதற்குக் கீழுள்ளதை வெட்டிவிடுங்கள். அனலாக்கின் சுவை என்று நாம் ரசிப்பதில் பெரும்பங்கு அதற்கு மேலேதான் இருக்கிறது. 120-க்குக் கீழே எல்லாமே மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி).

இனி தாமதம். இதைக் காதால் ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். சிந்தில் அட்டாக் (ஒலி ஏறும் நேரம்) பூஜ்யம், டிகே (தேயும் நேரம்) மிகக் குறைவு என்று வைத்து 'டிக்' என்ற ஒலியை உருவாக்குங்கள். மென்பொருளிலிருந்து நான்கு பார் (பாருக்கு நான்கு பீட்), பீட்டுக்கு ஒன்றாக 16 நோட்டுகள் அனுப்பிப் பதிவு செய்யுங்கள். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, கிரிட் கோட்டுக்கும் டிக் தொடங்கும் இடத்துக்கும் இடைவெளி பாருங்கள். 16-ம் ஒரே அளவில், உதாரணமாக 7 மில்லி விநாடி பின்தங்கினால் கவலை இல்லை: ஏபிள்டன் லைவில் 'எக்ஸ்டர்னல் இன்ஸ்ட்ரூமெண்ட்'டில் உள்ள ஹார்ட்வேர் லேட்டன்சியில் அந்த எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. மற்ற மென்பொருள்களில் பதிவான ஆடியோவையே 7 மில்லி விநாடி முன்னே இழுக்கலாம். பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டு) அளவை மாற்றினால் மறுபடியும் அளந்து பாருங்கள்.

ஒன்று 3, இன்னொன்று 11 என்று சிதறினால் அது ஜிட்டர். ஒரே எண்ணைக் கொடுத்துத் திருத்த முடியாது. 122 பிபிஎம்மில் பதினாறில் ஒரு பங்கு நோட்டின் நீளம் 123 மில்லி விநாடிதான். 8 மில்லி விநாடி இங்கும் அங்கும் ஆடினாலே ஆர்ப் (கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிடும் வரிசை) தள்ளாடும். யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கணினியில் செருகிப் பாருங்கள். ஐந்து முனை மிடி (கருவிகளுக்கு இடையே நோட் செய்திகளை அனுப்பும் முறை) கேபிள் விநாடிக்கு 31,250 பிட் மட்டுமே கொண்டுபோகும், ஒரு நோட் செய்திக்கு ஏறக்குறைய 1 மில்லி விநாடி. ஆறு நோட் கார்டு ஒன்று முழுதாகப் போய்ச்சேர 6 மில்லி விநாடி பிடிக்கும். பேடில் (நீண்டு ஒலிக்கும் மென்மையான கார்டுகளில்) அது தெரியாது. அதே கேபிளில் ட்ரம் மெஷினும் தொங்கினால் தெரியும். தாள வாத்தியத்துக்குத் தனி போர்ட் கொடுங்கள்.

ஆறு குரல் (ஒரே நேரத்தில் ஆறு நோட் ஒலிக்கும்) சிந்தில் மூன்று நோட்டுக்கு மேல் அழுத்தினால் பழைய நோட் அறுந்துபோகிறதா? ஒலியும் மூக்கடைத்தாற்போல் இருக்கிறதா? சிந்த் பழுதில்லை. கீபோர்டு ஒருமுறை நேரடியாகவும், கணினி வழியாகச் சுற்றிவந்து இன்னொரு முறையும் வாசிக்கிறது. 'லோக்கல் கண்ட்ரோல்' (கீபோர்டு தன் சிந்தை நேரடியாக வாசிக்கும் இணைப்பு) ஆஃப் செய்தால் தீர்ந்தது.

இந்த இசைவகையின் உயிர் நீண்ட ஃபில்டர் திறப்பில் இருக்கிறது, அங்கேதான் ஒரு வேடிக்கையான கணக்கும் ஒளிந்திருக்கிறது. சாதாரண மிடி சிசி (திருகு குமிழின் நிலையை அனுப்பும் செய்தி) 0 முதல் 127 வரை, 128 படிகள். 32 பார் என்றால் 128 பீட்கள். கட்-ஆஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண்ணை) மூடிய நிலையிலிருந்து முழுதாகத் திறக்க 32 பாருக்கு ஆட்டோமேஷன் வரைந்தால் பீட்டுக்கு ஒரு படிதான் கிடைக்கும். ரெசொனன்ஸ் (கட்-ஆஃப் அருகே ஒலியைத் தூக்கும் அமைப்பு) தூக்கலாக இருந்தால் வழுக்கிப்போக வேண்டிய ஒலி மாடிப்படி ஏறும். சில சிந்துகள் இடைவெளியைத் தாமே நிரப்பிக்கொள்ளும், எல்லாம் அல்ல. 14 பிட் என்ஆர்பிஎன் (இன்னும் நுணுக்கமான மிடி செய்தி) ஏற்கும் சிந்தானால் 16,384 படிகள் கிடைக்கும். அதைவிட நல்லது கையால் திருப்புவது. ஆறு படி ஆர்ப் ஒன்றை லூப்பில் ஓடவிடுங்கள்; பதினாறு படி பாரோடு அது மூன்று பாருக்கு ஒருமுறைதான் ஒத்துவரும், அதனாலேயே சலிக்காது. பத்து நிமிடம் நாபில் கைவைத்தபடி அப்படியே ஆடியோவாகப் பதிந்துவிடுங்கள். முதல் 24 பாருக்குக் கொஞ்சமாகவும் கடைசி 8 பாரில் தாராளமாகவும் திறந்த டேக்தான் (பதிவுதான்) பெரும்பாலும் தேறும்.

பதிவுக்கு முன் அனலாக் சிந்தை இருபது நிமிடம் சூடாகவிட்டு ட்யூன் செய்யுங்கள். உச்சம் மைனஸ் 12 டிபி அருகே நின்றால் போதும். 24 பிட்டில் அதற்கு மேல் முட்டவைப்பதால் லாபமில்லை. ரெசொனன்ஸை ஏற்றும்போது ஃபில்டர் திடீரென்று தானே விசில் அடிக்கும், ஹெட்ஃபோன் காதில் இருந்தால் ஆபத்து. மானிட்டர் சேனலில் லிமிட்டர் (அளவு மீறும் ஒலியை அடக்குவது) ஒன்று எப்போதும் இருக்கட்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது வேலையிட ஒலிக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் வரம்பு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம்தான்.

சிந்தில் கீச்சென்ற இரைச்சலோ ஹம் ஒலியோ வந்தால் முதலில் யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் அது கிரவுண்ட் லூப் (எர்த் வழிகள் வளையமாக இணைந்துவிடுவது). ஐந்து முனை மிடிக்கு மாறுங்கள், ஏற்கும் முனையில் ஒளி வழித் தடுப்பு இருப்பதால் லூப் அறுந்துவிடும். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (ஆடியோ கேபிளின் நடுவே வைக்கும் பெட்டி). ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் முனையை வெட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது. அடாப்டர் மாற்றும்போதும் வோல்ட் மட்டும் பார்க்காமல், நடு முனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று சிந்தின் பின்பக்கப் படத்தைப் பாருங்கள். தலைகீழாகப் போனால் சிந்தின் போர்டே எரியலாம்.

டேக் முடிந்ததும் மிடி, ரிவெர்ப் இல்லாத ஆடியோ இரண்டையும் சேமியுங்கள். நினைவகம் இல்லாத சிந்தானால் நாப்களின் நிலையை ஒரு ஃபோட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அந்த ஒலி திரும்ப வராது.