மார்கழி நிழலைக் கேட்டுவிட்டு பேனல் மாட்டுங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீட்டுக் கூரைகளில் சோலார் மாட்டுவதுதான் என் தொழில். 2024-இல் மத்திய அரசின் சூர்யகர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஆனதிலிருந்து எங்கள் பக்கமும் அவசரம் கூடிவிட்டது. நல்ல அவசரம்தான். கேரளத்தில் அணைகள் இருந்தாலும் தேவையான மின்சாரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்குவது, நாட்டில் உற்பத்தியாவதில் சுமார் 70 சதவீதம் நிலக்கரியை எரித்து வருவது. நம் மாடியில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ எரியவேண்டிய கரியைக் குறைக்கிறது.

ஆனால் எங்கள் ஊர் தென்னந்தோப்பு ஊர். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வைகாசியில், தோப்புக்குள் இருந்த ஒரு வீட்டில் 3 கிலோவாட் மாட்டினேன். மாடியில் பொட்டு நிழல் இல்லை, நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் வந்தது. மார்கழியில் அந்த வீட்டு அக்கா கூப்பிட்டார்: "தம்பி, ஏழு யூனிட்கூட வரமாட்டேங்குது, வந்து பாருங்க." ஏறிப் பார்த்தால் தெற்கு வேலியோர மரத்தின் ஓலை நிழல் இரண்டு பேனல் மேல் ஆடிக்கொண்டிருக்கிறது. வைகாசியில் நம் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், அப்போது மாடிக்கு மேல் முப்பதடி உயர்ந்து நிற்கும் தென்னை நடுப்பகலிலேயே வடக்கே இருபதடிக்கு நிழல் தரும், காலை மாலையில் இன்னும் நீளம். இரண்டு பேனலுக்குத்தானே என்று நினைக்கக்கூடாது, எல்லாவற்றையும் சங்கிலி மாதிரி தொடராக இணைத்திருக்கிறோம், ஒன்றில் மின்னோட்டம் குறைந்தால் மற்றவையும் இழுபடும், ஓலை அசைய அசைய, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரும் நிலைகொள்ளாமல் தடுமாறும்.

தவறு என்னுடையது, அதனால் என் செலவிலேயே பேனல்களைத் தாங்கும் சட்டத்தைக் கழற்றி மாடியின் வடக்கு ஓரத்துக்கு மாற்றிக்கொடுத்தேன். மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வருஷம் பூரா காய் கொடுக்கிற மரம்.

இப்போது சிலர் செல்போனில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே விலை சொல்லிவிடுகிறார்கள். அதில் மரத்தின் உயரம் தெரியாது. நேரில் வந்து, தெற்குப் பக்கம் என்ன நிற்கிறது, மார்கழியில் நிழல் எங்கே விழும் என்று அளந்து சொல்பவரிடம் மட்டும் பணம் கொடுங்கள்.

அப்புறம், கரண்ட் போனாலும் சோலார் எரியும்தானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த ஆன்-கிரிட் அமைப்பு என்றால் எரியாது. லைனில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும், இல்லாவிட்டால் நம் பேனல் மின்சாரம் லைனுக்குள் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் உயிருக்கே ஆபத்து. அதை ஏமாற்ற யாராவது ஒயரை மாற்றித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். இருட்டில் இருக்க முடியாது என்றால் லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து வேலை செய்யும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் என்ன விலை என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.