ஊசி போட்டாச்சு, குழந்தை சாப்பிட மாட்டேன் என்கிறதா? டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு

சின்னக் குழந்தைக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று சொன்னதும், இன்சுலின் எப்படிப் போடுவது என்று கேட்பதற்கு முன்னாலேயே பெற்றோர் கேட்பது, "நாங்க என்ன தப்பு செஞ்சோம், டாக்டர்?" என்றுதான். எந்தத் தப்பும் செய்யவில்லை. இனிப்பு நிறையக் கொடுத்ததால் இது வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது, அதனால் இன்சுலினை வெளியிலிருந்து கொடுத்தே ஆக வேண்டும், மாத்திரையோ பத்தியமோ அதற்கு ஈடாகாது. 1922-இல் டொரண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடும் காலம் வரை, இந்த நோய் வந்த குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை.

சரி, வீட்டுக்குப் போன பிறகு எது அதிகம் படுத்துகிறது? ஊசிக்குக் குழந்தைகள் பெரும்பாலும் பழகிவிடுகிறார்கள். சாப்பாட்டு நேரம்தான் பெரிய பாடு. இரண்டு, மூன்று வயதுக் குழந்தை ஒரு நாள் தட்டைக் காலி செய்யும், மறுநாள் இரண்டு வாய் வாங்கிவிட்டு உதட்டை இறுக்கிக்கொள்ளும். உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாதே என்ற பயத்தில் அம்மா தட்டோடு பின்னாலேயே ஓடுவார், கெஞ்சுவார், கடைசியில் சாக்லேட்டைக் காட்டுவார். வாயை மூடிக்கொண்டால் சாக்லேட் கிடைக்கும் என்று குழந்தை சீக்கிரமே கற்றுக்கொள்ளும்.

வேகமாக வேலை செய்யும் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 10, 15 நிமிடம் முன்னால் போடுவதுதான் நல்லது. ஆனால் எவ்வளவு சாப்பிடும் என்றே சொல்ல முடியாத குழந்தைக்கு, நிச்சயமாகச் சாப்பிடும் அளவுக்கு மட்டும் முதலில் போட்டுவிட்டு, மீதியை அது சாப்பிட்டதைப் பார்த்து அப்புறம் போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அரை யூனிட் கணக்கில் போடக்கூடிய, பேனா வடிவ இன்சுலின் ஊசிகளும் இருக்கின்றன, குட்டி உடம்புக்கு அந்த அரை யூனிட் பெரிய வித்தியாசம். ஊசி போட்ட பிறகு சாப்பிட மறுத்தால் சண்டை வேண்டாம், அதே அளவு மாவுச்சத்து உள்ள, அதற்குப் பிடித்த வேறு ஒன்றைச் சத்தமில்லாமல் முன்னால் வையுங்கள், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரையைப் பாருங்கள்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் (mg/dL) கீழே போனால் 'லோ'. இந்த வயதில் அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. ஓடி விளையாடிக்கொண்டிருந்தது திடீரென்று ஓர் ஓரமாக உட்கார்ந்துவிடும், காரணமே இல்லாமல் அழும், பின்கழுத்து வியர்த்திருக்கும், தூங்கும் நேரமே இல்லாதபோது கண் சொருகும். அடம் பிடிக்கிறது என்று திட்டுவதற்கு முன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். லோ என்றால் கிலோவுக்கு 0.3 கிராம் கணக்கில் சர்க்கரை, அதாவது 15 கிலோ குழந்தைக்கு ஒரு முழு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பதறிப்போய் ஒரு டம்ளர் ஜூஸைக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் 300-ஐப் பார்ப்பீர்கள். சாக்லேட் இதற்கு உதவாது, அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயக்கமோ வலிப்போ வந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் சர்க்கரையை ஏற்றும் குளுக்கோகான் ஊசி போடுங்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ரத்தம் எடுக்கும் முன் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். பழம் சாப்பிட்ட விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே ரீடிங்கை ஏற்றிக் காட்டும். அதை நம்பிக் கூடுதல் இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரீடிங்கை மார்க் ஷீட் மாதிரிப் பார்க்காதீர்கள். "280 இருக்கே, என்னத்தைத் தின்னே?" என்று கேட்கும் வீட்டில் குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் ஒளித்துத் தின்னவும் பொய் சொல்லவும் ஆரம்பிக்கும். "280 இருக்கு, கொஞ்சம் இன்சுலின் வேணும்" என்று சொன்னால் போதும். சளி, காய்ச்சல், வளர்ச்சி, விளையாட்டு எல்லாமே சர்க்கரையை ஏற்றி இறக்கும். ஒரு நாள் எண்ணை வைத்து அழாமல், இரண்டு மூன்று நாள் ஒரே நேரத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இன்சுலின் ஆரம்பித்த சில வாரங்களில் பல குழந்தைகளுக்குத் தேவை மளமளவென்று குறையும், மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்ச காலம் தெம்பாக வேலை செய்வதுதான் காரணம். சில மாதங்கள்கூட இது நீடிக்கலாம். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது வந்து "குணமாயிடுச்சு, ஊசியை நிறுத்திடுங்க" என்பார்கள். நிறுத்தினால், இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறிக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிடாத நாளிலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நீங்களாக நிறுத்தக் கூடாது. அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள், கீட்டோனைப் பாருங்கள். வாந்தி நிற்காமல் போனாலோ, மூச்சு வேகமாக, ஆழமாக வாங்கினாலோ, மூச்சில் பழ வாசனை அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் ஊசி, ரீடிங், ராத்திரி எழுந்து பார்ப்பது எல்லாமே ஒருவர் தலையில், அநேகமாக அம்மா தலையில்தான் விழுகிறது. அவருக்கே காய்ச்சல் வந்தால் யார் ஊசி போடுவது? அப்பாவோ, தாத்தா பாட்டியோ இன்னொருவர் எல்லாவற்றையும் தனியாகச் செய்யப் பழகியே ஆக வேண்டும், ராத்திரி முறையையும் பிரித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், அங்கேயே அவர் கையால் ஊசி போடட்டும்.