கயிற்றைக் கட்டிவிட்டு ஆக்சிஜன் கேட்பவர்களுக்கு

கொஞ்ச நாளைக்கு முன்னால் மானூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கன்னி இன நாயைக் கொண்டுவந்தார்கள். ஆட்டுக்கிடைக்குக் காவல் கிடக்கிற பெட்டை, நாலு வயது. முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் முன்னங்காலில் விரியன் கடித்திருக்கிறது. "ஒடனே கட்டிட்டோம் டாக்டரம்மா, வெசம் மேல ஏறாம பாத்துக்கிட்டோம்" என்றார் கிடைக்காரர். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கட்டியது சணல் கயிறு. முழங்கைக்கு மேலே மூன்று சுற்று, இடையில் வேப்பங்குச்சியைக் கொடுத்து முறுக்கி இறுக்கியிருந்தார்கள். ராத்திரி முழுவதும் அது அப்படியே இருந்திருக்கிறது. என் மேசைக்கு வந்தபோது காலை பத்து மணி.

கயிற்றுக்குக் கீழே கால் உப்பிக் கறுத்திருந்தது. பாதம் சில்லென்று இருந்தது. ஒரு நகத்தை உள்சதை வரை வெட்டிப் பார்த்தேன். வேறு நாய்க்குத் தவறி அப்படி வெட்டிவிட்டால் மேசைவிரிப்பையே மாற்ற வேண்டியிருக்கும். இதுவோ விரியன் விஷத்தால் ரத்தம் உறையாத நாய், ஊசி குத்திய இடமெல்லாம் கசிந்துகொண்டிருந்தது. நகத்தில் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. கட்டினால் விஷம் ஏறாது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது, ரத்தம்தான் காலுக்கு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெங்களூரிலிருந்து கிடைக்காரர் மகன் போனில் வந்தார். "மேடம், ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் தெரபின்னு ஒண்ணு இருக்காமே? நாயைக் குழாய் மாதிரி ஒரு அறைக்குள்ள வச்சா கறுத்த காலும் தேறிடுமாம். ரீல்ஸ்ல பார்த்தேன். செலவைப் பத்தி யோசிக்காதீங்க." இந்த வருசத்தில் இப்படிக் கேட்டவர்களில் இவர் நான்காவது ஆள். நான்கு பேர் வீட்டு நாய்க்கும் கால் கறுத்தது இறுக்கிக் கட்டியதால்தான். ஒன்றுக்குப் பாம்புக்கடிக் கயிறு, இரண்டுக்கு முறிவுக்கு வைத்துக் கட்டிய மூங்கில் பத்தை, ஒன்றுக்குப் பேத்தி ஆசையாய் மாட்டிவிட்ட ரப்பர் பேண்டு.

அந்தச் சிகிச்சை பொய்யில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் 'அந்த அம்மாவுக்குப் புதுசு எதுவும் தெரியாது' என்று பேச்சு வரும். கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் இருக்கிறவரை வாயு தண்ணீருக்குள் கரைந்து கிடக்கும். அதேபோல, மூடிய அறையில் அழுத்தத்தை ஏற்றித் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தால், சிவப்பணுக்கள் சுமப்பது போக ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலும் ஆக்சிஜன் கரைகிறது. சாதாரணக் காற்றில் 100 மில்லி பிளாஸ்மாவில் கரைவது 0.3 மில்லி. வளிமண்டலத்தைப் போல் 3 மடங்கு அழுத்தத்தில், தூய ஆக்சிஜனில், அது 6 மில்லி வரை போகும். நாய் பூனைகளுக்குப் பெரும்பாலும் 2 மடங்கை ஒட்டி, ஒரு தடவைக்கு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைப்பார்கள். 2 மடங்கு என்பது கடலுக்குள் 10 மீட்டர் ஆழம். தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்களுக்கு அந்த ஆழமெல்லாம் சாதாரணம். ஆழத்தில் வெகுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் கைகால் முடங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த முடக்கத்துக்கு இன்றும் இந்த அறைதான் மருந்து. மனிதர்களில் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கும் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கும் பயன்படுகிறது. விலங்குகளில் நசுங்கிய கால், தோல் ஒட்டுப்போட்ட இடம், ஆற மறுக்கும் புண் இவற்றுக்குத் துணையாகத் தருகிறார்கள். ஆதாரம் இன்னும் மெலிசுதான். துணை என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது என்னை எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அறைக்குள் நாயை வைத்தால் ஆக்சிஜன் தோல் வழியாகக் காலுக்குள் இறங்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இறங்காது. நாய் அதை மூக்கால் இழுக்க வேண்டும், நுரையீரல் ரத்தத்தில் கரைக்க வேண்டும், இதயம் தள்ள வேண்டும், குழாய் வழியாக அது பாதம் வரை போய்ச் சேர வேண்டும். நடுவில் குழாயை நீங்கள் சணல் கயிற்றால் அடைத்து வைத்திருந்தால், எத்தனை மடங்கு அழுத்தம் ஏற்றினாலும் கயிற்றுக்கு மேலேதான் நிற்கும். தாமிரபரணியில் வெள்ளமே வந்தாலும் மடையை அடைத்துவிட்டால் வயலுக்குத் தண்ணீர் வராது. நெல் விளைகிற ஊரில் இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது!

1960-ல் ஆம்ஸ்டர்டாமில் பூரேமா என்ற அறுவை மருத்துவர், பன்றிகளின் சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டு வெறும் மாற்றுத் திரவத்தை ஓடவிட்டு, 3 மடங்கு அழுத்த அறையில் அவற்றை உயிரோடு வைத்துக் காட்டினார். 'ரத்தமே இல்லாமல் பிழைத்தது' என்று இதைத்தான் ரீல்ஸ்காரர்கள் எடுத்து விடுகிறார்கள். அந்தப் பன்றிகளுக்குச் சிவப்பணு இல்லை, சரி. ஓட்டம் இருந்தது. அப்புறம், செத்த சதை செத்ததுதான். உயிரும் சாவுமாக விளிம்பில் தவிக்கிற சதைக்கு இந்த அறை கை கொடுக்கலாம். கறுத்து, குளிர்ந்து, குத்தினால் ரத்தம் வராத சதைக்கு என்ன கொடுத்தாலும் திரும்பாது. அதை வைத்திருக்க வைத்திருக்க, அழுகல் நாயையே கொண்டுபோய்விடும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கொரோனா சமயம் வாங்கிய, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறதாம், பிளாஸ்டிக் பெட்டியில் நாயை வைத்து மூடிக் குழாயைச் சொருகலாமா என்று கேட்கிறார்கள். ஒருவர் கேட்கவே இல்லை, செய்துவிட்டுப் படம் அனுப்பினார். ஐயா, அதில் அழுத்தம் எங்கே இருக்கிறது? மூடிய பெட்டியில் நாய் விட்ட மூச்சே சேரும், சூடு ஏறும். நம் ஊர் வைகாசி வெயிலில் அரை மணி நேரம் போதும், கதை முடிய. ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதையும் சொல்கிறேன். 2012-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் குதிரைக்கான இப்படி ஓர் அறையில், குதிரை மிரண்டு உதைத்ததில் லாடம் பட்டுத் தீப்பொறி எழுந்து அறை வெடித்தது. குதிரையும் அங்கே வேலை பார்த்த பெண்ணும் இறந்துபோனார்கள். முறையான இடத்தில், பழகிய ஆட்கள் இருக்கும்போதே இப்படி.

அதனால்தான் இரும்பு வளையம் வைத்த கழுத்துப்பட்டை, எண்ணெய், களிம்பு எதனோடும் நாயை உள்ளே விடமாட்டார்கள். நம் நாய்கள் எப்படி வருகின்றன? வேப்பெண்ணெய் வழிய வழிய, மண்ணெண்ணெய் வாடையோடு, புழுப்புண்ணில் பாச்சா உருண்டைப் பொடியோடு. நான்குவழிச்சாலையில் அடிபட்ட நாய்க்கும் உடனே அறை வேண்டாம். நுரையீரல் கிழிந்து நெஞ்சுக்குள் காற்று சேர்ந்திருந்தால், அழுத்தத்தை இறக்கும்போது அந்தக் காற்று விரிந்து நெஞ்சை அமுக்கிவிடும். முதலில் எக்ஸ்ரே. வலிப்பு வரும் நாய் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அதிக ஆக்சிஜனே வலிப்பைக் கொண்டுவரும்.

சரி, என்னதான் செய்வது?

பாம்பு கடித்தால் கட்டாதீர்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். நாயை நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் போட்டு வாருங்கள். ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால், பதறிப்போய் வழியில் வெட்டி எறிய வேண்டாம். கட்டுக்குக் கீழே தேங்கிய மிச்ச விஷம் ஒரே மூச்சில் ஏறும். கட்டோடு சீக்கிரம் வாருங்கள், மருந்து ஏற ஆரம்பித்த பின் நாங்கள் அவிழ்க்கிறோம். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், தயவுசெய்து. போன மாதம் ஒன்று என் வரவேற்பறையில் உயிரோடு வெளியே வந்தது. கடித்தது என்ன என்று பார்க்க எனக்கு 2 மில்லி ரத்தமும் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயும் போதும். 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பேன். உறையாமல் தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மாதிரி ஒன்றின் வேலை.

எலும்பு முறிவுக்குப் பத்தை வைத்து உளுந்தமாவும் முட்டையும் குழைத்துக் கட்டுகிறவர்களிடம் கொண்டுபோகாதீர்கள் என்றால் கேட்கப்போவதில்லை. குறைந்தது, நடு விரல்கள் இரண்டின் நுனியாவது வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். நாங்கள் போடும் கட்டுக்கும் இதே பேச்சுத்தான். காலையும் சாயங்காலமும் அந்த இரண்டு நகத்தையும் பாருங்கள். நகங்களுக்கு இடையே இடைவெளி விரிந்தால் உள்ளே வீங்குகிறது என்று அர்த்தம். தொட்டுப் பார்த்து மற்றக் காலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், நாய் கட்டையே கடித்துக் குதறினால், அன்றைக்கே கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப்போடாதீர்கள்.

மானூர் நாய்க்கு மூன்றாம் நாள் அந்தக் கறுத்த காலை வெட்டி எடுத்தேன். தையல் பிரிக்க வந்தபோது மூன்று காலில் படியேறியது. கிடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "நல்லதுன்னு நெனச்சித்தான் கட்டுனேன் டாக்டரம்மா" என்றார். தெரியும் அண்ணாச்சி.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாம்புக்கடி என்றால் கிளம்பும்போதே போன் போட்டுவிடுங்கள். விஷமுறிவு மருந்து குப்பியில் வெள்ளைத் தூளாக இருக்கும். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும், உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டித்தான் கரைக்க வேண்டும். நீங்கள் தாழையூத்தைத் தாண்டுவதற்குள் நான் இரண்டு குப்பியாவது கரைத்து வைத்திருப்பேன்.